என் மனைவி குனிந்தபடி பார்த்த ஆறு எபிசோடுகள்

சீரியல் பார்க்கிற ஆள் இல்லை நான். எட்டு மணிக்கு எங்கள் வீட்டு டிவியில் அந்தப் பாட்டு ஆரம்பித்தால் சட்டையை மாட்டிக்கொண்டு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஒரு டீ குடித்துவிட்டு, அது முடிகிற நேரம் பார்த்துத் திரும்பி வருவேன். இடையில் யார் அழுதார்கள், யார் யாரை வீட்டைவிட்டு விரட்டினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. "ஒருத்தி மாடிப்படி எறங்கறதுக்கு அரை மணி நேரம், இதுக்கு ஒரு கதையா" என்று வாசலில் செருப்பை மாட்டும்போது சொல்லுவேன். என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அப்படிப்பட்ட நான், அறுவடை முடிந்த கையோடு ஒரு வாரம், திங்கள் தொடங்கி சனி வரை, ஒரு எபிசோடு விடாமல் பார்த்தேன். பார்த்தது மட்டுமல்ல, பார்த்ததை உடனுக்குடன் வாயால் சொல்லவும் செய்தேன். அந்தச் சீரியலைப் பற்றி எனக்கு இப்போது அபிப்பிராயங்கள் உண்டு. யாராவது அதைக் கேலி பேசினால் எனக்குக் கோபம்கூட வருகிறது.

காரணம் என் மனைவியின் வலது கண். இடது கண் பல வருடங்களுக்கு முன்பே போய்விட்டது. வரப்போரம் விறகு ஒடிக்கும்போது கருவேல முள் கீறியது; அதில் வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. மிச்சமிருந்தது வலது கண் ஒன்றுதான். அந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவாள், ஊசியில் நூல் கோர்ப்பாள், ஏரிக்கரையில் வருகிற ஆளை நடையை வைத்தே யாரென்று சொல்லுவாள். ஏரிக்குக் கீழே எங்களுக்கு இருக்கிற கொஞ்ச நிலத்தில் அறுப்பு மிஷின் இறங்கிய சமயத்தில் அந்தக் கண்ணில் கறுப்பாகப் புள்ளிகள் பறந்திருக்கின்றன. பிறகு ஓரத்திலிருந்து ஒரு நிழல் இறங்கியிருக்கிறது. தூசு என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கிறாள். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. நெல் காய்ந்து மூட்டை பிடித்த பிறகு ஒருநாள் எனக்குக் காபி ஊற்றினாள். காபி டம்ளரில் விழாமல் பக்கத்தில் தரையில் விழுந்தது.

அன்றைக்கே காஞ்சிபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எங்கள் மகளைவிட வயது குறைந்த ஒரு டாக்டரம்மா பார்த்தார். கண்ணுக்குள் விழித்திரை என்று ஒன்று இருக்கிறதாம். அது சுவரை விட்டுக் கழன்றுகொண்டு வருகிறதாம். மறுநாளே ஆபரேஷன் செய்தார்கள். முடிந்ததும் டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"கண்ணுக்குள்ள ஒரு காத்து அடைச்சிருக்கேன். அந்தக் காத்து மேல ஏறி, கழண்ட இடத்தை அமுக்கிப் பிடிக்கணும். இவங்களுக்குக் கழண்டது கண்ணோட பின்பக்கம். அதனால முகம் எப்பவும் தரையைப் பாத்தே இருக்கணும். ஒரு வாரம். சாப்பிடும்போதும் சரி, தூங்கும்போதும் சரி, யாருக்காகவும் நிமிரக் கூடாது. ஒட்டலைன்னா இன்னொரு தடவை ஒட்ட வைக்கிறது ரொம்பக் கஷ்டம்."

சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிவிட்டு கட்டைவிரலால் அமுக்கிப் பிடிப்பதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். விரலை எடுத்தால் போச்சு. அந்தக் கண் போனால் அவளுக்கு வேறு கண் இல்லை.

வீட்டுக்கு வந்து கட்டிலின் ஓரத்தில் தலையணை போட்டு, கீழே ஒரு முக்காலியில் அவளை உட்காரவைத்து, நெற்றியைத் தலையணையில் சாய்த்துக்கொள்ளச் சொன்னேன். ராத்திரியில் கவிழ்ந்து படுத்தாள். சோற்றுத் தட்டை மடியில் வைத்து, குனிந்தபடியே அள்ளிச் சாப்பிட்டாள். விழுந்த ஊசியைத் தேடுகிறவள் மாதிரி ஒரு வாரம் அப்படியே இருந்தாள். கழுத்து வலிக்கிறது என்று சொன்னாளே தவிர, ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. நானாக இருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன்.

பார்க்க வந்தவர்களுக்குத்தான் பெரிய பேஜார். நோயாளியைப் பார்க்க வந்தால் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், இல்லாவிட்டால் வந்ததே கணக்கில் வராது. அதனால் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தவர்கள் எல்லாரும் அதை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் படுத்து, கட்டிலுக்கும் முக்காலிக்கும் நடுவே தலையை நுழைத்து, மல்லாந்து பார்த்து "எப்டி கீற?" என்று கேட்டார்கள். பட்டுப்புடவையோடு வந்த அவளுடைய நாத்தனார்முறைப் பெண்கூடப் படுத்தாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி உண்டு, எங்கள் கழனியில் நடவுக்கும் களைக்கும் வருகிறவள், மாதா கோயிலுக்குப் பின்னால் நடக்கும் ஜெபக் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறவள். அவள் பாயும் தலையணையுமாகவே வந்துவிட்டாள். என் மனைவிக்கும் அவளுக்கும் எட்டு மணி சீரியல் ஒன்றாகப் பார்க்கிற பழக்கம்.

திங்கள்கிழமை எட்டு மணிக்கு வழக்கம்போல நான் சட்டையை எடுத்தேன்.

"எங்க கெளம்பிட்ட?" என்று தரையைப் பார்த்தபடி கேட்டாள் மனைவி. "டிவிய போட்டுட்டுப் போ. பேசறதாவது காதுல உழட்டும்."

போட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் அன்றைக்கு இன்னும் வந்திருக்கவில்லை. வாசல்வரை போனவன் உள்ளே அவள் குரல் கேட்டு நின்றேன். "இப்ப உள்ள வந்தது யாரு?" என்று கேட்டாள். பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"யாரோ ஒரு பொம்பள. நெத்தில இவ்ளோ பெருசு பொட்டு."

"அது மாமியாருய்யா. ரைஸ் மில்லு அவளுதுதான்."

கதையை அவள்தான் கீழே இருந்து எனக்குச் சொன்னாள். புருஷன் இல்லாத மாமியார் ரைஸ் மில்லை நடத்துகிறாள். மூத்த மருமகள் நல்லவள். இளைய பையன் யாருக்கும் தெரியாமல் ஒரு பெண்ணை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டுவிட்டான்; அது மூத்த மருமகளுக்கு மட்டும் தெரியும். மாமியாரோ அவனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்து, நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்துவிட்டாள். மருமகள் சொல்லுவாளா மாட்டாளா, அவ்வளவுதான் கதை. நான் வந்து சேர்ந்த திங்கள்கிழமை, மாமியார் சமையலறைக்கு வந்து, "சின்னவன் மனசுல யாராவது இருக்காங்களா? உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டதோடு பேச்சு நின்றது. பிறகு டமடமவென்று வாத்தியம் மட்டும்.

"இன்னா நடக்குது?" என்றாள் மனைவி.

"ஒன்னும் நடக்கல. மருமவ பாக்கறா."

"எப்டி பாக்கறா?"

"கண்ணாலதான்."

"நக்கல் பண்ணாத. கண்ணு எங்க கீது? மாமியா மூஞ்சிலயா, கீயயா?"

நான் எழுந்து டிவிக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். "கீய பாக்கறா. இப்ப அடுப்ப பாக்கறா."

"அப்ப சொல்லமாட்டா" என்று தீர்மானமாகச் சொன்னாள். பால் பொங்கி வழிந்தது, மருமகள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள், எபிசோடு முடிந்தது. அவள் சொல்லவில்லை. எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. ஏதோ ஜோசியக்காரியோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் வந்து பாயில் படுத்த பக்கத்து வீட்டுப் பெண், போனைத் தரையில் வைத்து அதிலேயே சீரியலைப் போட்டுக் காட்டலாமே என்றாள். வைத்துப் பார்த்தோம். காற்று அடைத்த கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு கண்ணில் வெளிச்சம் மட்டும் ஆடியது. "வேணா, மாமாவே சொல்லட்டும்" என்று முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை எபிசோடில் எனக்குக் குறைகள் உண்டு. மூத்த மருமகளின் புருஷன் கழனியைப் பார்க்கப் போகிறான். வெள்ளைச் சட்டை. நடவு நடந்துகொண்டிருக்கிறது, சேற்றில் இறங்கி நிற்கிறான், ஏறி வரும்போது காலில் சேறு இல்லை. நாற்றோ முழங்கால் உயரம். அந்த நாற்றைப் பிடுங்கி நட்டால் நெல்லுக்குப் பதில் வைக்கோல்தான் மிஞ்சும். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண் படுத்தபடியே சிரித்தாள். "மாமா, அந்த நடவு பொம்பளங்க எப்டி நடுறாங்க? முன்னால போறாங்களா, பின்னால வர்றாங்களா?" என்றாள். முன்னால்தான் போனார்கள், நட்டதையெல்லாம் மிதித்துக்கொண்டு. அதைச் சொன்னதும் என் மனைவிக்குத் தோள் குலுங்கியது. தலை ஆடக் கூடாது என்று நான் அதட்ட வேண்டியதாயிற்று.

ஆனால் அதே செவ்வாய்க்கிழமை மாமியாராக நடிக்கிற அந்த அம்மா ஒரு காரியம் செய்தார். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். பேச்சே இல்லை. ரசத்தில் கிடந்த கறிவேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்து இலை ஓரத்தில் வரிசையாக வைக்கிறார். அவ்வளவுதான். எனக்கு அந்த அம்மாவின் விரலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பெரிய பெரிய வசனம் பேசுகிற நடிகர்களைத் தியேட்டரில் பார்த்து விசிலடித்தவன் நான். சாப்பிடுகிற கையை வைத்தே மனசைக் காட்டுகிற ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்படியே மனைவியிடம் சொன்னேன்.

"ஓரமா வெச்சாளா?" என்று யோசித்தாள். "எப்பவும் மென்னு சக்கையதான் துப்புவா. அப்ப அவளுக்கு எதுவோ கணக்கு ஓடிக்கினுகீது."

புதன்கிழமை, நான் எதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தேனோ அதுவே நடந்தது. மருமகள் மாடிப்படி இறங்கினாள். விளம்பரம் போக மிச்ச நேரம் முழுக்க இறங்கினாள். இந்த வீட்டில் சிரிப்பவன் நானாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு படிக்கும் அவள் முகத்தைச் சொல்ல வேண்டிய வேலை என் தலையில் விழுந்திருந்தது. "மேல் படில நிக்கறா, உதட்ட கடிச்சிக்கினு. சொல்லிடலாம்னு வர்றா. இப்ப ரெண்டு படி எறங்கிட்டா. கீய மாமியா வெத்தலை மடிச்சிக்கினுகீது. இவ கை கம்பிய புடிச்சிக்கிச்சி. இன்னும் ஒரு படி. இப்ப மூஞ்சி வாடிப் போச்சி." சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது. மேல் படியில் இருந்த தைரியம் கீழ்ப் படிக்கு வருவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடுகிறது. இதைச் சீக்கிரமாகக் காட்டவே முடியாது. நான் என்றால் அவளைப் படியில் தடதடவென்று இறக்கி, விஷயத்தைப் போட்டு உடைத்து, இரண்டு நிமிடத்தில் கதையை முடித்திருப்பேன். அதை எழுதியவரும் எடுத்தவரும் என்னைவிடப் பொறுமைசாலிகள், என்னைவிட மனுஷரை அறிந்தவர்கள். டீக்கடையில் மறுநாள் இதைச் சொன்னேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வியாழக்கிழமை எபிசோடுதான் எல்லாவற்றிலும் உசத்தி. கூடத்தில் ஒரு முறம் மொச்சை. இந்தப் பக்கம் மாமியார், அந்தப் பக்கம் மருமகள். இருவரும் உரிக்கிறார்கள். வாத்தியம்கூட இல்லை, மொச்சை உடைகிற சத்தம் மட்டும். மாமியார் மருமகளைப் பார்க்கும்போது அவள் முறத்தைப் பார்க்கிறாள். அவள் நிமிரும்போது இவள் பார்வையை எடுத்துவிடுகிறாள். இரண்டு கையும் ஒரே மொச்சைக்குப் போய் நின்று, பிறகு மாமியார் கையை இழுத்துக்கொள்கிறாள். நான் சொல்வதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

"இன்னாய்யா, கரண்டு போச்சா?" என்று கேட்டாள் மனைவி.

பிறகுதான் சொன்னேன். சொல்லி முடித்து டிவியை அணைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையணைக்குள் இருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"நானும் உங்கிட்ட சொல்லாமதான் வெச்சிக்கினு இருந்தேன். கண்ணு மறைக்கறத. மிஷினு வந்துட்டுப் போவட்டும், நெல்லு காயட்டும்னு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நெல்லு இன்னொரு போகத்துக்கு வரும். கண்ணு வருமா?" என்று கத்திவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஊராரைப் போல நானும் தரையில் படுத்து, கட்டிலுக்கும் முக்காலிக்கும் நடுவே தலையை விட்டுப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். முகம் ரத்தம் இறங்கிச் சிவந்து உப்பியிருந்தது. எனக்குக் கோபம் போய் பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை சீரியலில் நிச்சயதார்த்த நாள். அதற்கு முன்னால் குடும்பமே அம்மன் கோயிலுக்குப் போகிறது. அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் வரவில்லை. வெள்ளிதோறும் அவளுக்கு ஜெபக் கூட்டம். நாங்கள் இருவர் மட்டும்தான். நானோ அந்தத் தொழிலில் நன்றாகவே தேறிவிட்டிருந்தேன். கோயிலை ஒரு மூலை விடாமல் சொன்னேன். "தெர போட்டுக்கீது. மாமியா கண்ண மூடிக்கினு நிக்கறா. மருமவ தூண் ஓரமா கீறா. பூசாரி உள்ள போறாரு. இதோ தெரய வெலக்கிட்டாங்க. அம்மனுக்கு மஞ்சப் பொடவ, எலுமிச்சம்பய மால, நெத்தில வெள்ளிக் கண்ணு. கற்பூரம் ஏத்திட்டாங்க."

மணி அடித்தது. உடுக்கை சேர்ந்தது.

எங்கள் பக்கத்தில் டிவிதானே என்று யாரும் சும்மா இருப்பதில்லை. கும்பாபிஷேகத்தை நேரடியாகக் காட்டினால் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்பார்கள். தீபாராதனையைக் காட்டினால் கைகூப்பி, கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். படமோ சீரியலோ, கற்பூரம் கற்பூரம்தான். நானும் கைகூப்பிக் கண்ணை மூடினேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வாரம் எனக்கு ஒரே வேண்டுதல்தான் இருந்தது. மணிச் சத்தம் நிற்கிறவரை மூடியபடியே நின்றேன்.

கண்ணைத் திறந்தபோது என் மனைவி முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை நேராக இருந்தது. இரண்டு உள்ளங்கையும் இரண்டு கண்ணிலும் ஒற்றியிருந்தன.

"ஐயோ, குனி! குனிமே!" என்று கத்தினேன். அவள் திடுக்கிட்டுக் குனிந்தாள். தலையணையில் முகத்தைப் புதைத்தாள். எவ்வளவு நேரம் நிமிர்ந்திருந்தாள் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கண்ணை எவ்வளவு அழுத்தினாள் என்றும் தெரியவில்லை. வீட்டில் கண் திறந்திருந்தவர் ஒருவரும் இல்லை.

"மணி அடிச்சாங்களா, கை தன்னால போயிடுச்சிய்யா" என்றாள். அவள் குரல் நடுங்கி நான் கேட்டது அபூர்வம்.

ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். வலி இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். அப்படியானால் இனிமேல் நிமிர வேண்டாம், திங்கள்கிழமை கூட்டி வாருங்கள், பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். டிவி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த எபிசோடின் மிச்சத்தில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை எட்டு மணிக்கு நான் டிவியைப் போடவில்லை. அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

"போடு" என்றாள். "ஆவறது நேத்தே ஆயிருக்கும். இனிமே டிவி இன்னா பண்ணும்?"

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவள் பாயில் படுத்து, என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். போட்டேன். நிச்சயதார்த்தத் தட்டு மாற்றுகிற நேரம். மருமகள் ஒருவழியாக வாயைத் திறக்கப் போகிறாள். மாமியார் அவளைக் கையமர்த்திவிட்டு, எல்லார் முன்னாலும், "சின்னவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. எனக்கு ஒரு மாசமா தெரியும். இந்த வீட்டுல யாராவது என்கிட்ட வந்து சொல்லுவாங்களான்னுதான் இத்தனை நாளா காத்திருந்தேன்" என்றாள். நான் மலைத்துப் போனேன். அப்படியானால் திங்கள்கிழமை கேட்ட கேள்வியும், கறிவேப்பிலையும், மொச்சையும் எல்லாமே தெரிந்துகொண்டு செய்ததா? ஒரு வாரமாக அந்த முகத்தை உற்று உற்றுப் பார்த்து ஒப்பித்தவன் நான். எனக்குப் பிடிபடவே இல்லை.

"எனக்குத் திங்கக்கெயமயே தெரியும்" என்றாள் மனைவி.

"பாக்காமயா?"

"தெரியுமான்னு கேட்டா பாரு, அந்தக் கொரல்ல. தெரியாதவ அப்டி கேக்கமாட்டா."

அந்தச் சீரியலை எடுத்தவர்களுக்கு இந்த விஷயத்தை யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. திங்கள்கிழமையே அந்த நடிகை குரலில் போட்டு வைத்ததை, இங்கே தரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி பிடித்துக்கொண்டாள். அதைவிடப் பெரிய பாராட்டு அவர்களுக்கு எங்கே கிடைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை சீரியல் இல்லை. ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்க்கும் மகன் ஷிப்டு முடிந்து வந்தான். மூன்று பேரும் நாஷ்டா சாப்பிட்டோம். அன்றைக்கு முழுக்க, நெல் மூட்டையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அந்தக் கண்ணை வாங்கிக்கொள்ள ஒரு கடை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பைத்தியக்காரத்தனமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை ஒரு கார் வைத்துக்கொண்டு போனோம். பின் சீட்டில் என் மடியில் தலையணை, அதில் அவள் முகம். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுக் காக்கவைத்து, பிறகு இருட்டறைக்குள் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை நடந்ததை நானே டாக்டரம்மாவிடம் சொன்னேன். "படுங்கம்மா, மல்லாந்து படுக்கலாம்" என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் முகம் மேல் நோக்கித் திரும்பியது. நெற்றியில் தலையணைத் தையலின் தடம் பதிந்திருந்தது.

டாக்டரம்மா தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, கண்ணுக்குள் பார்த்தார். "மேலே பாருங்க. கீழே பாருங்க. மூக்குப் பக்கம்." அதற்குப் பிறகு பேச்சு இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். அறையில் ஃபேன் சத்தம் மட்டும். என் மனைவியின் கை காற்றில் துழாவியது. பிடித்துக்கொண்டேன்.

"டாக்டரம்மா மூஞ்சி எப்டி கீது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் பார்த்தேன். "மாஸ்க் போட்டுக்கினுகீறாங்க."

"கண்ணு?"

"லென்ஸுக்குப் பின்னால கீது. சரியா தெரியல."

"புருவம்?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறவளிடம் என்ன பொய் சொல்வது? "சுருங்கிக்கீது" என்றேன். அவள் விரல்கள் என் கையில் இறுகின.

"அப்பால?"

"இப்ப அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கறாங்க. இன்னும் சுருங்கிக்கீது. கிட்ட குனியறாங்க. இரு. லென்ஸ எடுத்துட்டாங்க. வெளக்க அணைச்சிட்டாங்க. என்னப் பாக்கறாங்க."

"எப்டி பாக்கறாங்க? சொல்லுய்யா."

மாஸ்க்குக்கு மேலே டாக்டரம்மாவின் கண்கள் இடுங்கி, ஓரத்தில் கோடு விழுந்தது. அது என்ன பார்வை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சிரிக்கறாங்க" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"ஒட்டிக்கிச்சும்மா" என்றார் டாக்டரம்மா. "நல்லா ஒட்டியிருக்கு. காத்து கரையக் கரைய கொஞ்சம் கொஞ்சமா தெரிய ஆரம்பிக்கும்."

என் மனைவி மல்லாந்தபடியே படுத்திருந்தாள். காற்று கரையாத அந்தக் கண்ணுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. முகத்தை மட்டும் நான் நின்ற பக்கம் திருப்பினாள்.

"உன் மூஞ்சி எப்டி கீது?" என்று கேட்டாள்.

"அயுதுக்கினுகீது" என்றேன்.